கண்ணுக்குள் ஒரு சத்தம்

நர்மதா வளையல்களைக் கழற்றுகிறார். பிறகு மோதிரம், கைக்கடிகாரம். எல்லாவற்றையும் கதவோரத்துப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுவிட்டு என் இடுப்பைப் பார்க்கிறார். "பெல்ட்டுங்க" என்கிறார். என் பெல்ட்டின் கொக்கி பளபளப்பானது. அதுவும் டப்பாவுக்குப் போகிறது.

கொழிஞ்சாம்பாறைத் தென்னந்தோப்புக்காரர் ஆறுமுகசாமியின் மகள். தினமும் பஸ் ஏறிப் பாலக்காட்டு ஆய்வகத்துக்கு வருகிறார். லேசர் அலையை வேண்டிய வடிவத்துக்கு வளைத்து, வாயு மூலக்கூறுகள் மீது பாய்ச்சுவது வேலை. அலை மூலக்கூறிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிய்த்து வெளியே இழுக்கிறது. திசை மாறி, அதையே திருப்பி மூலக்கூறின் மீதே அடிக்கிறது. மோதும் கணத்தில் ஒரு துளி ஒளி பிறக்கிறது. விநாடியைக் கோடி கோடியாக நறுக்கி, ஒரு துண்டை மறுபடி பத்தாயிரமாக நறுக்கினால் அட்டோ விநாடி. அப்படிச் சில நூறு துணுக்குகள்தான் அந்த ஒளியின் ஆயுள்.

உள்ளே விளக்கில்லை, கணினித் திரையின் மங்கல் வெளிச்சம்தான். பம்ப் மட்டும் முனகுகிறது. பாதுகாப்புக் கண்ணாடியை எனக்கு மாட்டிவிடுகிறார். மேசை மட்டத்தில் லேசர் ஓடிக்கொண்டிருக்கிறதாம். எனக்கு எதுவும் தெரியவில்லை.

"தெரியாதுங்க. தெரிஞ்சா ஒதுங்கிக்கலாமே."

மூன்று வருடத்துக்கு முன் ஒரு மதியம், லேசர் பாதையிலிருந்த ஆடி ஒன்றைத் திருப்பும்போது பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். வளையலில் பட்டு ஒளி தெறித்தது. "கண்ணுக்குள்ள டப்புனு ஒரு சத்தங்க. வலியே இல்ல."

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் அப்பா காத்திருந்தார். நர்மதா இடக்கண்ணை மூடி, ஒளி பட்ட வலக்கண்ணால் பார்த்தார். அப்பாவின் சட்டை நின்றது. கழுத்துக்கு மேல், பின்னாலிருந்த சுவரின் மஞ்சள்.

"ஏங்கண்ணு நின்னுட்டே, வா" என்றது சட்டை.

"கறுப்பா ஓட்டை தெரிஞ்சாக்கூடப் பரவால்லீங்க. ஒண்ணுமே குறையாத மாதிரி இருந்துச்சு. அதுதாங்க பயம்."

விழித்திரை வெந்த இடம் இனி ஆறாது என்றார் டாக்டர். அம்மா சின்னத்தாயி அழுது, வேலையை விடச் சொன்னார். ஒரு மாதம் வீட்டிலிருந்துவிட்டு நர்மதா மறுபடி பஸ் ஏறினார்.

"ஊட்டுல சும்மா இருந்தா நல்ல கண்ண மூடி மூடிப் பாத்துட்டே இருந்தனுங்க. அம்மாளுக்குத் தலை இருக்குதா, மாட்டுக்கு இருக்குதான்னு. இங்க வேலை இருக்குதுங்க."

போன மழைக்காலத்தில், கார்பன் டை ஆக்சைடிலிருந்து அந்த அட்டோ விநாடி ஒளி வந்தது. திரையில் வரிவரியாகக் கோடுகள். நல்ல கண்ணால் பார்த்தார். பிறகு அதை மூடிவிட்டு, மற்றதாலும் பார்த்தாராம்.

"அப்புறம்?"

"திரை மட்டும் இருந்துச்சுங்க."

குறிப்பெடுத்துக்கொண்டிருந்த என் பேனா நழுவித் தரையில் விழுகிறது. எடுக்கக் குனிகிறேன். பாதி வழியில், முகம் மேசை மட்டத்தை நெருங்கும்போது, இருட்டிலிருந்து நர்மதாவின் சில்லென்ற கை வந்து, என் இரு கண்களையும் கண்ணாடியோடு சேர்த்து மூடுகிறது.