போகிப் பனியில் போடாத கையெழுத்து

விமானம் கிளம்ப விமானி ஒருவர் போதும் என்றுதான் எங்கள் ஊரில் நினைத்திருந்தார்கள். தரையில் உட்கார்ந்து வானிலை, எரிபொருள், வழி எல்லாம் கணக்குப் பார்த்து, விமானியோடு சேர்ந்து கையெழுத்துப் போட டிஸ்பாட்சர் என்று ஒருவர் உண்டு, அந்த வேலையில்தான் நான் இருக்கிறேன் என்று சொன்னால், "ஓ, டிக்கெட் கிழிக்கிற வேலையா?" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தப் போகியன்று விடியற்காலை என் தம்பி வளைகுடாவுக்குக் கிளம்பினான். விசாப்படி அன்றைக்குள் அங்கே போய் இறங்கியாக வேண்டும். தவறினால் அவ்வளவுதான், ஏஜெண்டு வீட்டு வாசலில் மறுபடி முதலிலிருந்து நிற்க வேண்டும். அந்த விமானத்துக்குக் கணக்குப் பார்க்கும் டூட்டி எனக்கு. நாகப்பட்டினம் பக்கத்து எங்கள் கிராமத்திலிருந்து அப்பாவின் தலைமையில் ஒரு வேன் நிறைய ஆட்கள் முந்தின நாளே வந்து, விமான நிலைய மதிலை ஒட்டிய கொட்டகையில் தங்கியிருந்தார்கள். வழியனுப்ப நாலு பேர் போதாதா என்றால் எங்கள் ஆட்கள் கேட்கவா போகிறார்கள்!

பனி இறங்கியிருந்தது. எங்கள் நிலையத்தில் அப்போது பார்வைத் தூரத்தை அளக்கும் கருவி கிடையாது. ஓடுபாதை ஓரம் ஒருவர் நின்று, எத்தனை விளக்கு தெரிகிறது என்று எண்ணிச் சொல்வார். அதை வைத்துத் தூரம் கணக்கிடுவோம். குறித்த தூரத்துக்குக் கீழே போனால் கிளம்பக் கூடாது. அன்று கிளம்பும் அளவுக்கு விளக்குகள் தெரிந்தன. கேப்டனும் தயார். கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தபோது வாக்கிடாக்கி கத்தியது.

"மேடம், கிழக்குக் கோடியில ஒரு வெளக்குகூடத் தெரியல. இது பனி இல்லீங்க, பொகை. டயர் நாத்தம் வருது."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. போகி கொளுத்தாமல் மகனை அனுப்பினால் விளங்காது என்று, அப்பா ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பழைய பாயையும் சாக்கையும், போதாக்குறைக்கு வேன்காரரின் தேய்ந்த டயரையும் மதிலோரம் கொளுத்தியிருக்கிறார். காவலர்கள் அதட்டியதும் அத்தைமார்கள் குடம் குடமாகத் தண்ணீரைக் கொட்டியிருக்கிறார்கள். நெருப்பு அணைந்தது, புகை இரண்டு மடங்கானது. தலையில் அடித்துக்கொண்டேன்.

புகை கலைந்து விளக்குகள் மறுபடி தெரியத் தொடங்கியபோது இன்னொன்று கெட்டுப்போயிருந்தது. கிளம்ப ஒரு தூரம் தெரிந்தால் போதும், இறங்க அதைவிட அதிகத் தூரம் தெரிய வேண்டும். அந்தப் பனியில் எங்கள் நிலையத்திலிருந்து கிளம்பலாம், திரும்பி வந்து இறங்க முடியாது. கிளம்பியதும் ஒரு இஞ்சின் நின்றுவிட்டால்? அதற்காக, மீதி ஒரு இஞ்சினோடு ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய வேறொரு நிலையம் திறந்திருக்க வேண்டும் என்பது விதி. முதலில் மதுரை திறந்திருந்தது. புகைக்காகக் காத்திருந்த நேரத்தில் அதுவும் பனியில் மூடிக்கொண்டது. சென்னையில் போகிப் புகை. எட்டுகிற தூரத்தில் ஒன்றும் தேறவில்லை.

"என்னம்மா செய்யலாம்?" என்றார் கேப்டன். அவருடைய குழுவின் வேலை நேரம் முடிய அதிகமில்லை. முடிந்தால் விமானம் ரத்து. உள்ளே என் தம்பி உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரியும். இஞ்சின் எங்கே நிற்கப்போகிறது, போட்டுத் தொலை என்று மனசு அரித்தது. பேனாவை மூடி மேசையில் வைத்தேன். மதுரைக்குத் திரும்பத் திரும்பப் போன் செய்தேன். வெயில் வருவதற்குள் குழுவின் நேரம் முடிந்துவிட்டது.

வெளியே வந்தால் அப்பா பாய்ந்தார். "வெளக்கெல்லாம் பளிச்சுனு தெரியுது. ஏன் விடல? நீயெல்லாம் என்ன வேல பாக்குற?"

ஆத்திரத்தை அடக்கிக்கொண்டு விதியைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. கூலி உயர்வு கேட்டு வயலில் செங்கொடி ஏறிய காலத்தில் எங்கள் குடிசை மிராசுதாரின் இடத்தில் நின்றது. கொடி பிடித்தவன் குடிசையை அவர் ஆட்கள் அன்றைக்கே பிரித்து எறிவார்கள். மனைப்பட்டா கைக்கு வந்ததெல்லாம் ரொம்பப் பின்னால்.

"உங்கம்மாவ பட்டுக்கோட்டையில அவ அண்ணன் தோப்புல கொண்டுபோய் விட்டுட்டு வந்துதான் நானும் கொடியத் தொட்டேன்" என்றார் மெதுவாக. பிறகு கேட்டார். "நான் கொளுத்தலேன்னா போயிருக்குமா?"

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். அப்பாவிடம் வரவில்லை.

"போயிருக்கும்ப்பா."

அப்போதுதான் தம்பி பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே வந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும் வெடித்தான். "ஒரு கையெழுத்து! அதப் போட ஒனக்கு மனசு வரலயாக்கா? நீயெல்லாம் கூடப் பொறந்தவளா?"

அப்பா எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றார்.

"அவ போட்டிருந்தா நானே அறைஞ்சிருப்பேன். ஒம் பொழப்பக் கெடுத்தவன் நான்தான்டா. திட்டணும்னா என்னத் திட்டு."

தம்பி திட்டவில்லை. பெட்டியை விட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான். அப்பா குனிந்து அந்தப் பெட்டியை எடுத்தார். எத்தனையோ நெல்மூட்டை சுமந்த தலைமேல் அதை ஏற்றிக்கொண்டு, கரியும் ஈரமுமாகக் கிடந்த சாம்பலைச் சுற்றிக்கொண்டு வேனை நோக்கி நடந்தார்.