தூளிக்கு அடியில் ஒரு மெத்தை

2006 ஜனவரி, பொங்கல் முடிந்த அடுத்த சனிக்கிழமை. விடிகாலை ஐந்து பத்துக்குப் புதுச்சேரி பேருந்து நிலையத்தில் சேலம் வண்டி ஏறினோம், நானும் என் மனைவியின் தம்பி குமாரும். டிக்கெட் ஆளுக்கு அறுபத்தெட்டு ரூபாய். கருவடிக்குப்பத்து வீட்டிலேயே மூட்டையை மூன்று முறை பிரித்துக் கயிறு இருக்கிறதா என்று பார்த்துவிட்டேன். பேருந்தில் நான்காவது முறை.

வாசலில் என் மனைவி கலா சொன்னது காதிலேயே இருந்தது. "போன வருஷம் மாதிரி என் தம்பிய காச்சலோட கூட்டியாந்தீங்க, அப்பறம் அவன உங்ககூட எங்கியும் அனுப்ப மாட்டேன். அந்தத் தூளிய வெட்டி கரித்துணியாக்கிடுவேன், சொல்லிட்டேன்."

தூளி என்று அவள் சொல்வது இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டிப் படுக்கும் தொங்கு படுக்கையை. ஊரில் வெள்ளைக்காரர்கள் 'அமாக்' என்பார்கள். அப்படி ஒருவர் கிழிந்ததைத் தைக்கக் கொடுத்தபோது அளவெடுத்து, எங்களுக்கும் இரண்டு தைத்துக்கொண்டேன். ஏழாவதோடு படிப்பை விட்டவன் நான். கார் சீட்டு தைப்பது தொழில். துணி எதுவானாலும் கை பயப்படாது. மற்ற எல்லாவற்றுக்கும் நான் பயப்படுவேன்.

இப்போது மறுபடி போகிற ஏற்காடு மலையில் போன வருடம் நடந்தது இதுதான். ஆளுக்கு இரண்டு கம்பளி போர்த்திப் படுத்தோம். மேலெல்லாம் சூடு, முதுகு மட்டும் பனிக்கட்டி. குமாருக்குப் பல் கிட்டிப் போய், ஊர் திரும்பி ஒரு வாரம் காய்ச்சல். எங்கள் ஊரில் அடியில் காற்று அடிக்கட்டும் என்றுதான் தூளி கட்டிப் படுப்போம். அந்தக் காற்றே மலையில் ஆளைக் கொல்லும் என்று புதுச்சேரிக்காரனுக்கு எப்படித் தெரியும்? கீழே எத்தனை கம்பளி விரித்தாலும் உடம்பின் கனத்தில் அது நசுங்கி, சூடு தங்காமல் போய்விடுகிறது. ஆகவே மெத்தை தூளிக்கு உள்ளே இருக்கக் கூடாது, வெளியே, அடியில் தொங்க வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. காய்ச்சலில் கிடந்தவன் பக்கத்தில் உட்கார்ந்து நானே யோசித்துக் கண்டுபிடித்தது.

மேலும் கீழும் பாராசூட் துணி, நடுவில் இலவம் பஞ்சு. பஞ்சு ஒரு பக்கமாகச் சரியாதபடி அறை அறையாகத் தையல். அடியில் கார் கண்ணாடிக்கு வெயில் மறைக்கிற சில்வர் ஷீட். இரண்டு முனையிலும் வீராம்பட்டினத்தில் வாங்கிய மீன்வலைக் கயிறு. இப்படி இரண்டு மெத்தை.

விழுப்புரம் தாண்டியதும் கண்டக்டர் மூட்டையைக் காலால் தட்டினார். "என்னாது, மெத்த யாவாரமா?"

"இல்ல சார்," என்றான் குமார். "எங்க மாமா பயந்தாங்கொள்ளி. மெத்தையோடதான் ஊருக்குப் போவாரு."

பத்தரைக்குச் சேலம். அங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதை, இருபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் நான் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தேன். குமார் என் கையைப் பார்த்துச் சிரித்தான். ஒரு மணிக்கு ஏற்காடு. மூன்று கிலோமீட்டர் நடந்து, போன வருடம் தங்கிய அதே காப்பித் தோட்டம். காவல்காரர் மாரியப்பன் எங்களை மறக்கவில்லை.

"போன தபா நடுங்கிட்டு ஓடுனவங்கதானே? மறுபடி வந்துட்டீங்களா! ரூம் சாவி தரட்டுங்களா?"

"வேணாங்க," என்றேன்.

மாலை ஐந்தரைக்குச் சவுக்கு மாதிரி நெடுநெடுவென்று நின்ற சில்வர் ஓக் மரங்களில் தூளிகளைக் கட்டினோம். அடியில் மெத்தையைப் பூட்டிக் கயிற்றை இழுத்தேன். ஒரு சுருக்கம் இல்லை. புதுக் கார் சீட்டு தோற்றது. பெருமையாக இருந்தது. ஆறேகாலுக்குப் பனி இறங்கியபோது குமார் ஏறிப் படுத்தான்.

"மாமா, கோவிச்சுக்காத. முதுகு ஜில்லுனுதான் கீது."

கலாவின் முகம், கரித்துணி, காய்ச்சல் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. "ரூம் சாவிய வாங்கிட்டு வரேன்" என்றுகூடச் சொல்லிவிட்டேன். போவதற்கு முன் சும்மா தூளிக்கும் மெத்தைக்கும் நடுவே கையைவிட்டுப் பார்த்தேன். உள்ளங்கை கனம் இருந்த பஞ்சு அப்பளமாகிக் கிடந்தது. நசுக்கியது குமாரின் கனம் இல்லை, என் கை. சீட்டு தைக்கிறவன் கைக்கு இழுப்பதுதான் தெரியும். சுருக்கம் இருந்தால் வண்டிக்காரன் திட்டுவான். இருபது வருடப் பழக்கம் என்னைக் கேட்காமலே கயிற்றை இழுத்துவிட்டது.

இறங்கு என்றுகூடச் சொல்லாமல் முடிச்சை அவிழ்த்து ஒரு சாண் தளர்த்தினேன். "இப்ப?"

"இப்ப காத்து நொழையுது."

பாதி இழுத்தேன். மெத்தை அசிங்கமாக, சுருக்கம் சுருக்கமாக, தூளியைத் தொட்டும் தொடாமலும் தொங்கியது. எங்கள் கடையில் அப்படி ஒன்றைத் தைத்திருந்தால் முதலாளி முகத்திலேயே எறிந்திருப்பார். பஞ்சு உப்பி எழுந்தது கைக்குத் தெரிந்தது.

"இப்ப?"

இன்னொரு முறை கேட்டேன்.

"பேசாம போ மாமா. தூக்கம் வருது."

காலை ஆறு மணிக்குக் காப்பிச் செடிகளின் மேல் மூட்டமாகப் பனி. மாரியப்பன் சுக்குக் காப்பியோடு வந்தபோது குமார் மேலே போர்த்திய கம்பளியை உதைத்துத் தள்ளிவிட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அவன் பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன். சூடு. மாரியப்பன் குனிந்து மெத்தையை அமுக்கிப் பார்த்தார்.

"எங்க வாங்குனீங்க?"

"நானே தைச்சது," என்றேன். அந்த இரண்டு சொல்லுக்காக இன்னொரு முறைகூட மலை ஏறலாம்.

ஞாயிறு மாலை ஏழு மணிக்குப் புதுச்சேரி. பேருந்தை விட்டு இறங்கியதும் வேர்த்தது. இங்கே ஜனவரியிலும் வீட்டுக்கு வீடு மின்விசிறி ஓடும். இந்த ஊரில் பிறந்தவன் குளிருக்கு மெத்தை தைத்தேன் என்று நினைக்க எனக்கே சிரிப்பாக வந்தது.

மூட்டையை இறக்கும் முன்பே கலா தம்பியின் நெற்றியில் கைவைத்தாள். பிறகு கழுத்தில். பிறகு மறுபடி நெற்றியில்.

"காச்சல் இல்ல," என்றாள், திட்டுவதற்கு ஒன்றும் கிடைக்காத குரலில். மூட்டையைப் பிரித்து, மடித்த மெத்தைக்குள் கையை விட்டு வைத்திருந்தாள், எடுக்கவே இல்லை.

"இது என் ஒயரத்துக்குப் பத்துமா?"

செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய் அளவெடுக்கும் டேப்பைத் தேடினேன்.