ஹைட்ரஜன் உலையும் ஒரு துண்டு சூடமும்

போன வாரம் ஒரு துண்டு சூடம் என் அக்கா மகளின் உழைப்பையெல்லாம் அணைக்கப் பார்த்தது. நம்புவீர்களா?

ஜெசி இன்ஜினீயர். குன்றாண்டார்கோவில் பக்கம் ஒரு சின்ன இரும்பு ஆலையில் வேலை. தாதுவிலிருந்து இரும்பைப் பிரிக்க இத்தனை காலமும் நிலக்கரிதான்... ஊரெல்லாம் புகை. கரிக்குப் பதில் ஹைட்ரஜனை விட்டால், உலையிலிருந்து நீராவிதான் வரும். அதற்கு ஒரு சோதனை உலை கட்டியிருக்கிறாள். அரசாங்க உதவி கிடைக்காவிட்டால் மூடிவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார்.

உதவி கொடுப்பதா வேண்டாமா என்று பார்க்க அதிகாரிகள் வந்தார்கள். "நீங்களும் வாங்க சித்தி" என்றாள். போனேன்.

ஹைட்ரஜன் வெடிக்க ஒரு பொறி போதுமாம். கேட்டில் எல்லோரிடமும் தீப்பெட்டி, செல்போன் வாங்கி வைத்தார்கள். அதிகாரிகளிடம் மட்டும் கேட்கவில்லை — நம்ம ஊர் மரியாதை!

உலையை ஓட்டத் தொடங்கும் நேரம்... அலாரம் அலறியது. ஹைட்ரஜன் குழாய் தானாக மூடிக்கொண்டது. பார்த்தால், குழாய்க்குப் பக்கத்தில் ஃபோர்மேன் கருப்பையா சூடம் காட்டிக்கொண்டிருக்கிறார்! அந்த ஆலையில் சூடம் காட்டாமல் எந்த உலையும் ஓடியதில்லை. சூடத்தையும் தீப்பெட்டியையும் இடுப்பில் மறைத்துக் கொண்டுவந்திருக்கிறார் மனுஷன்.

"அண்ணே! நெருப்பே ஆகாதுன்னு எத்தன தடவ சொன்னேன்?" ஜெசி ஓடிப்போய்ச் சூடத்தை அணைத்தாள்.

"அது பீடிக்குன்னுல்ல நெனச்சேன் மேடம்... சாமிக்குமா?"

பெரிய அதிகாரி வாட்சைப் பார்த்தார். "இங்கெல்லாம் இது சரிப்படுமாம்மா?"

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். ஜெசி நகரவில்லை.

"தப்பு நடந்துச்சு சார். சென்சார் கண்டுபிடிச்சு கேஸை நிறுத்திருச்சு. அதுக்குத்தான் வச்சிருக்கோம். சாயங்காலம் மறுபடி ஓட்டுறேன். பாத்துட்டு வேணாம்னு சொல்லுங்க. பாக்காம சொல்லாதீங்க."

அடி ஆத்தாடி! இடிச் சத்தத்துக்குக் கட்டிலடியில் ஒளிந்த பிள்ளையா இது?

பெரிய அதிகாரி டிரைவரைக் கூப்பிட்டு, "சாப்டுட்டு வாப்பா. சாயங்காலம்தான் கெளம்புறோம்" என்றார்.

புதுத் தொழில்நுட்பம் என்றால் மெஷினை மாற்றுவது என்று நினைக்கிறோம். பழக்கத்தையும் மாற்றணுமே... அதற்கு எந்தத் திட்டத்தில் மானியம் இருக்கிறது?

ஜெசி ஒரு வேலை செய்தாள். "சூடத்தை கேட்டுக்கு வெளிய காட்டுங்கண்ணே, சாமி அங்கிட்டும் இருக்கும்" என்று சொல்லி, சாயங்காலம் கேட் சோதனைக்குக் கருப்பையாவையே நிறுத்தினாள்.

பெரிய அதிகாரி நேராக உள்ளே நுழையப் போனார். கருப்பையா குறுக்கே நின்றார்.

"சார், பாக்கெட்டுல இருக்கறத எடுத்துருங்க."

"நானுமா?"

முதலாளிக்கு முகம் வெளுத்துவிட்டது. கருப்பையா அசையவில்லை.

"சாமிக்கே இல்லேன்னு ஆயிருச்சு சார்... ஒங்களுக்கு எப்படிங்க?"

அதிகாரி சட்டைப் பையிலிருந்து லைட்டரை எடுத்து நீட்டினார். உலை ஓடி முடியும்வரை நின்று பார்த்தார். உதவிக்குச் சிபாரிசும் செய்தார்.

லைட்டரை மட்டும் கருப்பையாவிடம் திருப்பிக் கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை!