போர்வைக்குள் போன படகுச் சீட்டு

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறந்த காலம் அது. எனக்கு எட்டு வயது இருக்கும். எங்கள் வீடு ஏரிக்கு நடுவே பசியாவரத்தில். நைனாவுக்குச் சொந்தமாக ஒரு படகு உண்டு. மீன் பிடிக்கிற நாள் போக, கடலில் கப்பல் வந்து நின்றால் கோட்டையின் துணிமூட்டைகளைப் படகில் ஏற்றிக்கொண்டு போவார். முகத்துவாரத்தைத் தாண்டக் கோட்டைச் சீட்டு வேண்டும். கறுப்பு முத்திரை குத்திய ஒரு காகிதம். வருஷத்துக்கு ஒன்று தருவார்கள்.

அந்த வருஷம் கோட்டைத் துரை ஒருவரின் மனைவி பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தார். பிறக்கப்போகும் பிள்ளைக்கு ஒட்டுத்துணிப் போர்வை ஒன்று தைத்துத் தரும்படி அம்மாவிடம் கேட்டு, வேலையையும் அவரே காட்டிக் கொடுத்தார். காகிதத்தை ஆறு மூலையாக வெட்ட வேண்டும். அதன்மேல் பூத்துணியை வைத்து, ஓரத்தை மடித்து, பெரிய பெரிய தையலாகப் பிடிக்க வேண்டும். அப்படிச் செய்த துண்டுகளை ஓரத்தோடு ஓரம் சேர்த்துப் பொடித்தையல் போட்டால் தேன்கூடு மாதிரி வரும். ஒரு துண்டின் ஆறு பக்கமும் ஜோடி சேர்ந்த பிறகுதான் பெரிய தையலைப் பிரித்து உள்ளிருக்கும் காகிதத்தை உருவலாம். முந்திக்கொண்டு உருவினால் துணி தளர்ந்து மூலை கோணிக்கொள்ளும்.

இதில் காகிதம் பொறுக்குவதுதான் பெரிய பாடு. மெல்லிசாக இருந்தால் மடிப்பு நிற்காது. தடிப்பாக இருந்தால் ஊசி இறங்காது. எங்கள் தீவில் ஏரிக்காற்று வேறு. துரைசாணி கொடுத்த காகிதமெல்லாம் பத்தே நாளில் வாடின வெற்றிலை மாதிரி துவண்டுவிட்டது. அம்மா ஒவ்வொன்றையும் காதருகே வைத்து அசைத்துப் பார்ப்பாள். சடசடத்தால் வேலைக்கு ஆகும், பேசாமல் இருந்தால் அடுப்புக்கு. கொஞ்ச நாளில் அந்த வேலை எனக்கு வந்தது. "எங்கிட்ட இல்லாத காது உங்கிட்ட இருக்குதுடா" என்று அம்மா சொன்னதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒருநாள் காகிதம் போதவில்லை.

"கூரையில மூங்கில் குழா சொருகிக்கிது பாரு. அதுல நைனாவோட பழைய சீட்டுங்க கெடக்கும். பழசா பாத்து ஒண்ணு எட்த்துகினு வா" என்றாள் அம்மா.

குழாயில் நாலு சீட்டு இருந்தன. மூன்று துவண்டு கிடந்தன. நாலாவதை அசைத்ததும் அப்பளம் மாதிரி நொறுநொறுத்தது. எல்லாவற்றிலும் ஒரே முத்திரைதான். எங்கள் வீட்டில் படிக்கத் தெரிந்தவர் யாருமில்லை. அதனால் எது பழசு என்று எனக்குத் தெரியவில்லை என்று இப்போது சொல்லிவிடலாம்தான். ஆனால் அது பொய். நல்ல காகிதம் கொண்டுவந்தான் என்ற பேச்சு எனக்கு வேண்டியிருந்தது.

"இன்னாடா இது, புதுசு மாரி இருக்குது?"

"உள்ள சுருட்டி இருந்துச்சும்மா. அதான் காத்து படல."

அம்மா ஓரம் வீணாகாமல் வெட்டினாள். பன்னிரண்டு துண்டு வந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் கடலில் கப்பல் தெரிந்தது. நைனா குழாயை இறக்கிக் கவிழ்த்தார்.

"புதுச் சீட்டு எங்கமே?"

அம்மாவின் ஊசி நின்றது. என்னை ஒரு தடவை பார்த்தாள். படகுச் சாமானில் கை வைத்த பிள்ளையை அந்த வருஷம் முழுக்கப் படகில் ஏற்றுவதில்லை, அது எங்கள் பக்கத்து வழக்கம். நைனா என்னை முதன்முதலாக முகத்துவாரம் வரை கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தது அந்த வருஷம்தான்.

"நான்தான் எட்த்தேன். பழசுனு நெனச்சு வெட்டிட்டேன்" என்றாள் அம்மா.

நைனா கத்துவார் என்று பார்த்தேன். அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நாளிக்குக் காவக்காரன் கேட்டா இன்னாத்த காட்டுவேன்? இந்தப் பூப்போட்ட துணியவா? சீட்டு இல்லன்னா படகப் புடிச்சு வெச்சுக்குவான். தெரியுமில்ல?"

"இன்னும் வெளிச்சம் இருக்குது. சும்மா இரு" என்று சொல்லி அம்மா போர்வையை விரித்தாள்.

எதற்குள் சீட்டு, எதற்குள் சாதாரணக் காகிதம் என்று துணியை விரலால் அழுத்திப் பார்த்து நான் சொன்னேன். அம்மா பெரிய தையலை அறுக்க, நான் காகிதத்தை உருவினேன். ஒன்பது துண்டு ஆறு பக்கமும் சேர்ந்திருந்ததால் சுலபமாக வந்தன. மீதி மூன்றும் போர்வையின் ஓரத்தில் இருந்தன. முத்திரை அதில் ஒன்றில்தான்.

"இத்த எட்த்தா மூல கோணிடுமேம்மா."

"கோணட்டும்."

மிஞ்சின பூத்துணியில் கஞ்சி தடவி, அறுந்த மைக்கோடு எதோடு எது சேருகிறது என்று பார்த்துப் பார்த்துத் துண்டுகளை ஒட்டினாள். விளக்கு வைக்கும் நேரத்துக்குச் சீட்டு ஒருவழியாகச் சீட்டாகிவிட்டது.

மறுநாள் நைனா சிரித்துக்கொண்டே வந்தார்.

"காவக்காரன் முன்னால பாத்தான். திருப்பிப் பூவப் பாத்தான். முத்திரைய விரலால தொட்டுப் பாத்துட்டு, 'இன்னாய்யா, சீட்டுக்குச் சட்ட போட்டு இட்டாந்துக்கிற? சரி, போ'ன்னுட்டான்."

போர்வையை அம்மா கொண்டுபோய்க் கொடுத்த அன்று நானும் கூடப் போனேன். துரைசாணி அந்தக் கோணல் ஓரத்தைத் தடவிப் பார்த்து, ஏன் இப்படி என்பதுபோல அம்மாவைப் பார்த்தார். "என் கைத்தப்புதான்மா" என்றாள் அம்மா. நான் அம்மாவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன்.

அடுத்த கப்பல் வந்தபோது நைனா என்னைப் படகில் ஏற்றினார். அம்மா முழங்கால் தண்ணீர்வரை கூடவே நடந்து வந்து, என் தலையில் துண்டை இறுக்கிக் கட்டிவிட்டாள். "காத்து அடிக்கும், அவுக்காத" என்றாள். படகு நகர நகர நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாவம், அந்தத் தப்பைத் தான் செய்ததாகவே அம்மா இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறாள் என்று அந்த எட்டு வயதில் எனக்கு அவள்மேல் இரக்கமாகக்கூட இருந்தது.