டெக்சஸ் தகவலும் என் வேன் சாவியும்

டெக்சஸைப் பற்றித் தகவல் சொல்லிக்கொண்டே வேன் ஓட்டுவதைப்போல மானம் போகிற தொழில் வேறு உண்டா, மைக் பிடித்துப் பிழைக்கும் சகபாவிகளே, நீங்களே சொல்லுங்கள். இங்கே இர்விங், ஆலன் என்ற ஊர்களில் இருக்கும் பிள்ளைகள் வீட்டுக்கு ஆறு மாதம் வந்திருக்கும் அப்பா அம்மாக்களை, பிள்ளைகள் ஆபீஸ் போனபின் ஏற்றிக்கொண்டு ஊர் காட்டுகிறேன். புருஷன் விசாவில் வந்து, எட்டு வருஷம் வேலைக்கு அனுமதியில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தவள் நான். ஒர்க் பெர்மிட் வந்ததும் கிடைத்த முதல் வேலை இது. விடுவேனா? ராப்பகலாக டெக்சஸை உருப்போட்டேன்.

ஐந்து மடங்கு

முதல் ட்ரிப்பிலேயே, இந்த ஒரு மாநிலத்துக்குள் ஐந்து தமிழ்நாடு அடங்கும் என்றேன். வாயைப் பிளப்பார்கள் என்று பார்த்தால், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். முன்ஸீட்டில் ஒரு ரிடயர்டு தாசில்தார். என்னவோ அவர் தாலுகாவை நான் ஆக்கிரமித்துவிட்ட மாதிரி முறைத்தார். நானா அளந்தேன்? அவர் சொன்னது:

"இடம் இருந்து என்ன பிரயோஜனம்? ஒரு டீ குடிக்க இருபது மைல் போகணும்."

தனி நாடு

டெக்சஸ் கிட்டத்தட்ட பத்து வருஷம் தனி நாடாக இருந்தது. இதைச் சொன்னது ஒரு குற்றமா? கும்பகோணத்து ஆன்ட்டி ஒருவர் பதறிப்போய்க் கைப்பையில் பாஸ்போர்ட்டைத் தேடினார். மீட்டிங்கில் இருந்த மகளுக்குப் போன் போட்டார். மகள் என்னைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டு, வேன் ஓனரையும் கூப்பிட்டுத் திட்டினாள். இன்னும் ஒரு கம்ப்ளெய்ன்ட் வந்தால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றார் ஓனர். அது பழைய கதை, நூற்றைம்பது வருஷத்துக்கும் மேலாகிவிட்டது என்று ஆன்ட்டியிடம் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். கடைசிவரை அவர் நம்பவில்லை.

"நாங்க அமெரிக்காவுக்குத்தாம்மா விசா எடுத்தோம், டெக்சஸுக்கு எடுக்கலை."

நீலப் பூ

ஏப்ரலில் ரோட்டோரமெல்லாம் ப்ளூபானெட் பூத்துக் கிடக்கும். மாநிலப் பூ. பறித்தால் ஜெயில் என்று ஊரே சொல்லும். அப்படித் தனியாக ஒரு சட்டமே கிடையாது என்று மைக்கில் எடுத்துவிட்டேன். என் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். போட்டோவுக்கு இறங்கிய பத்து நிமிஷத்தில் மூன்று ஆன்ட்டிகள் மடி நிறையப் பறித்துவிட்டார்கள். அன்று வெள்ளிக்கிழமை வேறு. ஒருவர் கைப்பையிலிருந்து நூல்கண்டை எடுத்து வேனிலேயே தொடுக்க உட்கார்ந்துவிட்டார்.

பூவுக்கு நடுவே குழந்தையை உட்காரவைத்துப் படமெடுத்துக்கொண்டிருந்த அமெரிக்கக் குடும்பம் எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே, எனக்குக் கூசிப்போய்விட்டது. ஆன்ட்டிகள் பறித்ததைப் படமெடுத்து, வேன்மேல் எழுதியிருந்த ஓனர் நம்பருக்கே அனுப்பிவிட்டார்கள். ஏன் ஆன்ட்டி இப்படிப் பண்ணினீர்கள் என்று கேட்டேன். தொடுப்பதை நிறுத்தாமலே பதில் வந்தது.

"சட்டம் இல்லேன்னு நீதானே சொன்னே? சாமிக்கு ரெண்டு முழம் ஆச்சு, உனக்கும் ஒரு சாண் வச்சிருக்கேன்."

வாயை மூடிய ட்ரிப்

நான் கெஞ்சிக் கூத்தாடிய பிறகு, இனி ஒரு தகவலும் வேண்டாம், வண்டி ஓட்டினால் போதும், இதுதான் கடைசி சான்ஸ் என்றார் ஓனர். மாநிலத் தலைநகர் ஆஸ்டினுக்கு மூன்று மணி நேரம். அங்குள்ள சட்டசபைக் கட்டடம் வாஷிங்டனில் இருப்பதைவிட உயரம் என்பது நாக்கு நுனிவரை வந்து நின்றது. முழுங்கினேன். பின்னால் பன்னிரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இவளுக்கு உடம்பு சரியில்லையோ என்று ஒருவர் கிசுகிசுத்ததும் காதில் விழுந்தது.

திரும்பி வந்து இறங்கியதும் ஒரு அங்கிள் என் கண்ணெதிரிலேயே ஓனருக்குப் போன் போட்டார். பேசினாலும் புகார், பேசாவிட்டாலும் புகார் என்றால் மனுஷி என்னதான் செய்வாள்? போச்சு, மறுபடி வீட்டில் உட்கார வேண்டியதுதான் என்று சாவியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். அங்கிள் போனில் சொன்னது இது:

"ஆபீஸ் விட்டு வீட்டுக்கு வந்தாலும் பையனும் மருமகளும் லேப்டாப்போடதான் இருக்காங்க, பேரன் இங்கிலீஷ்ல பதில் சொல்றான். வேன்லயாவது இந்தப் பொண்ணைப் பேச விடுங்க சார்."

மைக் திரும்பக் கிடைத்துவிட்டது. மரியாதைதான் இன்னும் வந்து சேரவில்லை.