மைதிலிக்குச் சிக்கெடுத்த மாதம்

சென்னிமலை லாரியில் கிளீனராக ஏறியபோது மீசைகூடச் சரியாக முளைத்திருக்கவில்லை. பாரத்துக்குக் கயிறு கட்டவும், தார்ப்பாய் போர்த்தவும், மழையில் நனைந்து இறுகிப்போன முடிச்சுகளை அவிழ்க்கவும் கற்றுக்கொண்ட பிறகுதான் ஸ்டியரிங் அவன் கைக்கு வந்தது. எருமப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் அவனுக்கு. ஆனால் அந்த ஊரில் இருந்ததைவிட நாக்பூர் ரோட்டிலும் குவாஹாட்டி ரோட்டிலும் இருந்ததுதான் அதிகம். மைதிலியைக் கல்யாணம் செய்தான். தாரணி என்று ஒரு மகள் பிறந்தாள். அவள் படித்து முடித்துக் கோயம்புத்தூரில் வேலைக்கும் சேர்ந்துவிட்டாள். இதில் பாதியை அவன் போனில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டான்.

போனில் அவனும் மைதிலியும் பேசுவது எப்போதும் ஒரே மாதிரி இருக்கும்.

"சாப்ட்டயா புள்ள?"

"ஆச்சுங்க. நீங்க?"

"ஆச்சு. ஊட்ல எல்லாம் நல்லாருக்குதா?"

"நல்லாருக்குதுங்க. பாத்து ஓட்டுங்க."

அதோடு வைத்துவிடுவார்கள். சண்டை என்று ஒன்றும் இல்லை. ஒருவரை ஒருவர் கவலைப்படுத்தக் கூடாது என்று இரண்டு பேரும் தனித்தனியே முடிவு செய்திருந்தார்கள்.

போன ஐப்பசியில் அஸ்ஸாம் போய்விட்டு அவன் வீடு திரும்பியபோது வாசலில் மைதிலி இல்லை. உள்ளே கட்டிலில் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவனைக் கண்டதும் எழ முயன்றாள், முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து தண்ணீர் மொண்டு கொடுக்கப் போனாள். சொம்பு கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டது. அப்போதுதான் அவள் விரல்களைப் பார்த்தான். கணுக்கணுவாக வீங்கியிருந்தன.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு முத்தாயம்மாள் வந்துவிட்டாள்.

"சிக்குன்குனியா சாமி. காச்ச உட்டுப் பல நாளாச்சு, மூட்டு வலிதான் உட மாட்டேங்குது. கைய மேல தூக்க முடியல. ஆஸ்பத்திரில கேட்டதுக்கு, போகப்போகத்தான் சரியாகும்னுட்டாங்க. உங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னு என்கிட்டச் சத்தியம் வாங்கிட்டா."

"தாரணிக்காச்சும் சொல்லியிருக்கலாமில்ல?"

"அவகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு அதே சத்தியந்தான்."

துண்டு எதற்கு என்று அவன் கேட்டான். முத்தாயம்மாள்தான் மெல்ல எடுத்துக் காட்டினாள். இடுப்பைத் தாண்டித் தொங்கும் கூந்தல் மைதிலிக்கு. காய்ச்சலில் கொண்டையாக முடிந்துகொண்டு படுத்தவள் அப்படியே வேர்த்து வேர்த்துக் கிடந்திருக்கிறாள். கையைத் தூக்கிச் சீவ முடியாத நாட்களில் அது ஒன்றோடொன்று பின்னிக்கொண்டது. முத்தாயம்மாள் நல்லது என்று நினைத்து விளக்கெண்ணெய் ஊற்றியிருக்கிறாள். அதில் தூசியும் சேர்ந்து, பிடரியில் ஒரு குருவிக்கூடு போல இறுகிக் கிடந்தது.

"பேசாம பழனிக்கு வேண்டிக்கிட்டு மொட்டை போட்டறலாம் சாமி. முடி வளர எத்தன நாளாகப் போகுது?" என்றாள் முத்தாயம்மாள்.

மைதிலி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் அழுகிறாளா என்று சென்னிமலைக்குத் தெரியவில்லை. அவன் வீட்டில் இருக்கும் நாட்களில் அவளைக் கவனித்திருக்கிறான். எல்லா வேலையும் முடிந்து, கதவோரம் நின்று தலை சீவும் அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் அவள் யாருக்காகவும் ஓட மாட்டாள். கூப்பிட்டாலும் "வாரனுங்க" என்பாளே தவிர வர மாட்டாள்.

"மொட்டையெல்லாம் வேண்டாங்க அம்மா. நான் பாத்துக்கறேன்" என்றான்.

எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவனுக்கு அப்போது ஒரு யோசனையும் இல்லை. முதல் வேலையாக லாரி முதலாளி மணிமாறனுக்குப் போன் போட்டான்.

"அடுத்த லோடுக்கு வேற ஆளப் பாத்துக்கங்க. எனக்கு ஊட்ல வேலை இருக்குதுங்க."

"என்ன வேலைப்பா?"

"சிக்கெடுக்கோணுங்க."

மணிமாறனுக்குப் புரியவில்லை. ஆனால் இத்தனை வருடத்தில் லீவே கேட்காதவன் என்பதால் சரி என்றுவிட்டார்.

சமையல் சென்னிமலைக்குப் புதிதல்ல. ரோட்டோரத்தில் வண்டியை நிறுத்தி அடுப்பு மூட்டிச் சமைத்தே பழகியவன். மைதிலிக்கு வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லை என்பதால் மறுநாள் அரிசிக் கஞ்சி வைத்து, அதில் தேங்காய்ப் பால் ஊற்றலாம் என்று தேங்காயைத் துருவி மிக்ஸியில் அரைத்துப் பிழிந்தான். பிழிந்து முடித்துக் கை கழுவப் போனபோது, மாமனார் போட்ட மோதிரம் விரலிலிருந்து தானாக வழுக்கி வந்தது. விரல் தடித்துப்போய் வருடக்கணக்காகக் கழற்ற முடியாமல் கிடந்த மோதிரம். சோப்புப் போட்டும் வராதது. அவன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். டீசலும் கிரீஸும் தேய்த்துச் சொரசொரத்த கை, அப்போது மட்டும் குழந்தையின் கைபோல மெத்தென்று இருந்தது.

உடனே மகளுக்குப் போன் செய்தான்.

"ஏஞ்சாமி, தலைக்குத் தேங்காப் பால் போட்டா ஏதாச்சும் கெடுதலா?"

"கெடுதல் என்னப்பா? நல்லதுதான். முடி மெதுவாயிரும், சிக்கும் பிரியும். யாருக்குப்பா?"

"உங்கம்மாவுக்குத்தான்" என்றான். பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். கட்டிலில் இருந்து மைதிலி தலையை ஆட்டி ஆட்டித் தடுத்ததை அவன் கண்டுகொள்ளவே இல்லை. தாரணி அடுத்த சனிக்கிழமையே வந்துவிட்டுப் போனாள். இரண்டு பேரையும் நன்றாகத் திட்டினாள்.

முதல் நாள் வேலை கெட்டுப்போனது. பாலை வடிகட்டாமல் அரைத்த விழுதையே அப்பிவிட்டான். தேங்காய்ப் பூ முடிக்குள் புகுந்துகொண்டு எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. கொல்லையில் முக்காலி போட்டு அவளை உட்கார வைத்திருந்தான். கோழிகள் சுற்றி வந்து கொத்தத் தொடங்கின. ஒரு கோழி துணிந்து அவள் மடியில் ஏறியே விட்டது.

"அதுக்குத் தீனி வைக்கறீங்களா, எனக்கு வைத்தியம் பண்றீங்களா?" என்று மைதிலி சிரித்தாள். அவன் வீட்டுக்கு வந்த பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. "பேர்லயே சிக்கு இருக்குதுங்க இந்தக் காச்சலுக்கு. தலையில உழுந்ததுல என்ன அதிசயம்?"

அடுத்த தடவை பழைய வேட்டித் துணியில் இரண்டு முறை வடிகட்டினான். அதைப் பிரிட்ஜில் வைத்தால் மேலே கட்டியாகத் திரண்டு நிற்கிறது என்பதையும் கண்டுகொண்டான். அந்தக் கட்டிப் பாலைக் கரண்டியில் எடுத்துப் பிடரியில் தடவி, ஊறவிட்டு, ஒரு தென்னை ஈர்க்கை எடுத்துக்கொண்டு உட்கார்வான். நனைந்த கயிற்று முடிச்சை இழுக்கக் கூடாது, ஓரத்தில் இளகிய இழையைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்பது அவன் கைக்குத் தெரியும். அப்படித்தான் செய்தான். நாலைந்து மயிரை நெம்பி விடுவிப்பான், பிறகு இன்னும் கொஞ்சம் பால். கை வலித்தால் நிறுத்துவான். பிறகு வெந்நீர் வைத்துச் சீயக்காய் போட்டு அலசிவிடுவான். மறுநாள் ஓய்வு. அதற்கு மறுநாள் திரும்ப.

முத்தாயம்மாள் முதலில் வேடிக்கை பார்க்க வந்தாள். "ஆம்பள பண்ற வேலையா இது?" என்று கேட்டுவிட்டு, போகும்போது தன் மரத்துத் தேங்காய் இரண்டை வைத்துவிட்டுப் போனாள்.

ஒருநாள், உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு கற்றை பிரிந்து விழுந்தபோது அடியில் ஒரு தழும்பு தெரிந்தது. விரல் நீளத்துக்கு வெள்ளையாக, தையல் போட்ட தடத்தோடு.

"இது என்ன புள்ள?"

"எதுங்க?"

அவன் விரலால் தொட்டுக் காட்டினான்.

"மாடித் தொட்டி மூடி உழுந்துருச்சுங்க. தாரணி பத்தாவது பரீட்சை எழுதறப்ப. அவ பயந்துக்கிட்டு முத்தாயம்மாளக் கூட்டியாந்தா. ஆட்டோல போயித் தையல் போட்டுட்டு வந்தோம்."

"நான் எங்க இருந்தேன்?"

"குவாஹாட்டில."

"அன்னிக்குப் போன் பண்ணலையா நானு?"

"பண்ணீங்க. நல்லாருக்கறேன்னு சொன்னேன். சொன்னா என்னங்க பண்ணியிருப்பீங்க? அத நெனச்சுக்கிட்டே ரோட்ட உட்டுட்டீங்கன்னா?"

சென்னிமலை ஈர்க்கைக் கீழே வைத்தான். அந்தத் தழும்பின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். தேங்காய்ப் பால் அவன் மணிக்கட்டு வழியே ஒழுகி மடியில் சொட்டியது. எத்தனையோ தடவை வந்து போயிருக்கிறான். இந்தத் தலையை ஒருநாளாவது தொட்டுப் பார்த்தோமா என்று யோசித்தான். ஞாபகம் வரவில்லை.

பிறகு அவனும் சொன்னான். ஒரு மலைப்பாதையில் வண்டி சாய்ந்து, தோள்பட்டை இறங்கி, அங்கேயே ஒரு வைத்தியரிடம் கட்டுப் போட்டுக்கொண்டு கிடந்த கதையை. இதுவரை யாரிடமும் சொல்லாததை.

"தெரியுமுங்க" என்றாள் மைதிலி.

"யாரு சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. அந்தத் தடவ வந்தப்ப சட்டையக் கழட்டவே இல்ல நீங்க. சோத்துத் தட்ட எட்டி எடுக்கறப்ப மொகம் சுருங்குச்சு. நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

"நீயாச்சும் கேட்டிருக்கலாமில்ல."

"நீங்களும் கேட்டதில்லயே."

அதன் பிறகு அந்த முக்காலியில் உட்கார்ந்து அவர்கள் பேசியது கொஞ்சமல்ல. தாரணிக்கு மஞ்சள் காமாலை வந்தது, கிணற்று மோட்டார் கருகியபோது மைதிலியே ஆள் பிடித்து மேலே ஏற்றியது, ஒரிசாவில் மழை வெள்ளத்தில் அவன் வண்டிக்குள்ளேயே பிஸ்கட் தின்று கிடந்தது. சில கதைகளுக்குச் சிரித்தார்கள். சிலவற்றுக்கு அவன் கை தானாக நின்றுவிடும். "நீங்க கைய நிறுத்தினா நான் சொல்ல மாட்டேன்" என்பாள் அவள்.

கூடு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வந்தது. மேலே இருந்ததெல்லாம் பிரிந்து, பளபளவென்று தோளில் விழுந்தது. பிடரியில் மட்டும் எலுமிச்சங்காய் அளவு ஒரு முடிச்சு எதற்கும் அசையவில்லை. அவன் பல நாள் போராடினான்.

கடைசியில் அவளே சொன்னாள். "வெட்டிருங்க."

"இன்னும் ரெண்டு நாள் பாக்கலாம் புள்ள."

"நீங்க பாடுபட்டது போதும். முடிதானுங்க. வெட்டுங்க."

அவன் கத்தரியை எடுத்தான். கண்ணை மூடிக்கொண்டு வெட்டப்போனவனை, "கண்ணத் தொறந்துக்கிட்டு வெட்டுங்க, காது போயிரப் போகுது" என்று அதட்டினாள். வெட்டிய பிறகு பின்பக்கம் ஏறுமாறாக இருந்தது. எருமப்பட்டி பியூட்டி பார்லரில் அதை முதுகின் பாதி வரைக்கும் சமமாக்கிக் கொடுத்தார்கள். மைதிலி கண்ணாடியில் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். "தல லேசாயிருக்குது" என்றாள். திரும்பி வரும்போது பைக்கில் துண்டைச் சுற்றிக்கொள்ளவில்லை.

மார்கழியில் சென்னிமலை மறுபடி வேலைக்குப் போனான். வடக்கே வேண்டாம், கேரளாவுக்கு முட்டை லோடு போதும் என்று மணிமாறனிடம் கேட்டு வாங்கிக்கொண்டான். மைதிலிக்கு விரல் வலி குறைந்திருந்தது, முழுதாகப் போகவில்லை. தலையைத் தானே சீவிக்கொள்ளும் அளவுக்குக் கை எழும்பியது.

முதல் நடையில் பாலக்காட்டைத் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தி வீட்டுக்குக் கூப்பிட்டான்.

"சாப்ட்டயா புள்ள?"

"ஆச்சுங்க. நீங்க?"

"ஆச்சு." கொஞ்சம் நிறுத்தினான். "டயர் மாத்தறப்ப ஜாக்கி நழுவிக் கையில பட்டுருச்சு. கட்டைவிரல் வீங்கிப் போச்சு."

"ஐயோ. அசைக்க முடியுதுங்களா? ஐஸ் வெச்சீங்களா?"

"அசைக்க முடியுது. டீக்கடையில கேட்டு வாங்கி வெச்சிருக்கறேன். நீ எப்படியிருக்கற?"

நல்லாருக்கறேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரை வந்திருக்க வேண்டும். அவள் அதை விழுங்கிக்கொண்டாள்.

"காத்தால குடத்தக் கீழ போட்டுட்டனுங்க. வெரலு புடிக்கல. இன்னிக்குப் பனி ஜாஸ்தி, ரொம்ப வலிக்குதுங்க."

"சொல்லு" என்றான் சென்னிமலை. டீக்கடை பெஞ்சில் நகர்ந்து வசதியாக உட்கார்ந்துகொண்டான். "எந்த வெரலு?"