கல்லுளி கை வைத்துப் பார்த்த தண்ணீர்

வேலையிடத்தில் அவனுக்கு வைத்த பெயர் கல்லுளி. பிரேக்கர் மெஷினால் ரோட்டை உடைப்பவன் என்பது பாதிக் காரணம். எதைக் கேட்டாலும் வாய் திறக்காத கல்லுளிமங்கன் என்பது மீதிக் காரணம். குழாய் பதிக்க, கேபிள் போட, பதித்த குழாயையே மறுபடி எடுக்க என்று யாரோ போட்ட ரோட்டைப் பதினேழு வருஷமாக உடைத்துக்கொண்டிருந்தான். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. குறையெல்லாம் வாயில்தான்.

முதலில் விரல் நுனிகளில் மதமதப்பு வந்தது. வேலை முடிந்து அரை மணி நேரத்தில் போய்விடும். பிறகு போகவில்லை. குளிரான காலைகளில் நடுவிரலும் மோதிர விரலும் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்தன. அக்குளுக்குள் வைத்துச் சூடேற்றிக்கொண்டு வேலைக்குப் போனான். அப்புறம் சட்டைப் பொத்தான் விரலுக்கு அகப்படாமல் போனது. பொத்தானைக் கழற்றாமலே தலைவழியாகச் சட்டையை மாட்டப் பழகிக்கொண்டான்.

"என்னங்க இது, சின்னப் பிள்ளை மாதிரி மாட்டுறீங்க?" என்று மனைவி கேட்டாள்.

"ஒண்ணுமில்ல."

இந்த ஒற்றை 'ஒண்ணுமில்ல'யை வைத்தே மனுஷன் பாதிக் குடித்தனத்தை ஓட்டிவிட்டான்.

கையுறை கொடுத்திருந்தார்கள், தடித்தது, அதிர்வைத் தாங்கக்கூடியது. அதைப் போட்டால் மெஷினின் பிடி கைக்குத் தெரியவில்லை என்று எல்லாரும் கழற்றி எறிந்தார்கள், இவனும் எறிந்தான். கை மரக்க மரக்க, பிடி நழுவுகிறதா இல்லையா என்பதே அவனுக்குத் தெரியவில்லை. ஆகவே இன்னும் இறுக்கிப் பிடித்தான். இறுக்கினால் அதிர்வு இன்னும் ஆழமாக ஏறும், கை இன்னும் மரக்கும். ரத்தம் இல்லை, கட்டு இல்லை. அடிபட்ட நாள் இதுதான் என்று காட்ட ஒரு தேதிகூட இல்லை. மேஸ்திரியிடம் சொன்னால் மெஷினைப் பிடுங்கிக்கொண்டு, கையில் சிவப்புக் கொடியைக் கொடுத்து வண்டிகளை ஒதுக்கிவிட நிறுத்திவிடுவார். அந்தப் பயத்தில் வாயை இன்னும் இறுக்கிக்கொண்டான்.

மனைவிக்கு ரொட்டிக் கம்பெனியில் காலை ஷிஃப்ட். அவள் கிளம்பிய பிறகு நாலு வயசுப் பாப்பாவைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடத்தில் விடுவது இவன் பொறுப்பு. ஊருக்கெல்லாம் கல்லுளியாக இருந்தவன் அந்தக் கால் மணி நேரம் மட்டும் சரியான வாயாடி. சோப்பு போட்ட முதுகில் முஷ்டியை வைத்து "டடடடட" என்று மெஷின் ஓட்டுவான். பாப்பா "ஆஆஆ" என்பாள், குரல் குலுங்கும். அதைக் கேட்டு இரண்டு பேரும் சிரிப்பார்கள். அந்த மனுஷனுக்கு நாள் முழுக்க இருந்த சந்தோஷம் அவ்வளவுதான், அதை அவனே அறிந்தும் இருந்தான்.

அன்றும் அடுப்பிலிருந்து வெந்நீரை இறக்கி வாளியில் ஊற்றினான். விளாவப் பச்சைத் தண்ணீர் பிடித்தான், ஆனால் போதாது. கை வைத்துப் பார்த்தான். வைக்காமல் ஊற்றியிருந்தால்கூட அவனை நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போகலாம். விரல்களை முழுக்க விட்டு, கலக்கியே பார்த்தான். சுடவில்லை. ஒரு மக் மொண்டு பாப்பாவின் தொடையில் ஊற்றினான்.

அவள் போட்ட அலறலில் பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "ஐயோ, பேஸ்ட்டைத் தடவுங்க!" என்று கத்தினாள். வேலையிடத்தில் தார் பட்டவர்களைப் பார்த்தவன் அவன். எதையும் தடவவிடவில்லை. குழாயைத் திறந்து, பாப்பாவின் காலை இருபது நிமிஷம் ஓடுகிற தண்ணீரிலேயே பிடித்திருந்தான். பதறவில்லை, அழவில்லை. மரக்கட்டை மாதிரி உட்கார்ந்திருந்தான்.

ஆஸ்பத்திரிக்கு மனைவி மாவு படிந்த ஏப்ரனோடு ஓடி வந்தாள்.

"தண்ணியில கை வச்சுப் பாக்கலையா?"

"பாத்தேன்."

"பாத்துட்டா ஊத்துனீங்க?"

குழந்தைக்குக் கட்டுப் போட்டு முடித்த டாக்டரம்மா அவன் கையைக் கவனித்தார். விரல்கள் சிவந்து, இரண்டு இடத்தில் கொப்புளம் கட்டியிருந்தது. அது அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது.

"கண்ணை மூடிக்குங்க. ஒவ்வொரு விரலா குத்துறேன், தெரிஞ்சா சொல்லுங்க."

மூடிக்கொண்டு காத்திருந்தான். வெகுநேரம் ஆனதுபோல இருந்தது.

"எப்ப ஆரம்பிப்பீங்க?"

"முடிச்சுட்டேன்," என்றார் டாக்டரம்மா.

மெஷின் நிமிஷத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் அடிக்கிறது, அந்த அடியில் ஒரு பங்கு ரோட்டுக்குப் போகிறது, ஒரு பங்கு பிடிக்கிறவன் கைக்குள் வருகிறது, நரம்பும் சின்ன ரத்தக் குழாய்களும் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுகின்றன என்று டாக்டரம்மா விளக்கினார். போன உணர்ச்சி திரும்புவது கஷ்டம். மெஷினை இனித் தொடக் கூடாது.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஷிஃப்ட்டை மாத்தியிருப்பேனே," என்றாள் மனைவி. கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

அவன் பயந்தபடியே கொடி கைக்கு வந்தது. இத்தனை நாள் பயந்தது வந்து சேர்ந்தபோது ஒன்றும் தோன்றவில்லை. வண்டிகளை ஒதுக்கினான், வீட்டுக்கு வந்தான். பாப்பாவின் புண் ஆறி, தொடையில் உள்ளங்கை அளவுக்கு வெளிறிய தழும்பு நின்றது. மனைவி சாயங்காலம் வந்து குளிப்பாட்டினாள். இவன் வாளியைத் தூக்கினாலே பாப்பா சுவரோரமாக ஒண்டிக்கொண்டாள். கை போனதைத் தாங்கிக்கொண்டான். இதைத் தாங்க முடியவில்லை. இனி அவள் தன்னிடம் முதுகைக் காட்டவே மாட்டாளோ என்று ரோட்டோரத்தில் கொடியோடு நின்று அதையே நினைத்துக்கொண்டிருந்தான்.

ஒரு காலை, மனைவி போன பிறகு, பாப்பா ஒரு டம்ளர் பாலை அப்படியே தன்மேல் கவிழ்த்துக்கொண்டாள். தலையெல்லாம் பால். பள்ளிக்கூட நேரம் வேறு. வேறு வழியில்லாமல் வாளியை வைத்தான். பாதி வெந்நீர், பாதி பச்சைத் தண்ணீர். அவள் சுவரோரம் நின்று பார்த்தாள்.

"கை வச்சுப் பாரு," என்றாள்.

வைத்தான்.

"சூடா?"

'ஒண்ணுமில்ல' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பழகின நாக்கு. அந்த வார்த்தையை விழுங்கினான்.

"தெரியல பாப்பா. அப்பா கைக்குச் சூடு தெரியாது."

மேஸ்திரியிடமும் கட்டின மனைவியிடமும் சொல்லாததை நாலு வயசுப் பிள்ளையிடம் சொல்லிவிட்டு, வாளிக்குள்ளேயே கையை விட்டபடி உட்கார்ந்திருந்தான். பாப்பா மெல்ல வந்து ஒரு விரலை விட்டாள், வெடுக்கென்று எடுத்தாள், மறுபடி விட்டாள். பிறகு முழுக் கையையும் விட்டு, தண்ணீருக்குள் இருந்த அவன் விரலைப் பிடித்தாள். அவள் பிடித்திருப்பதை அவன் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான்.

"ஐய, இதுகூடத் தெரியலையா? சுடலப்பா," என்றாள். "தினமும் நானே பாத்துச் சொல்றேன்."

சொல்லிவிட்டுத் திரும்பி, அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.